பெரியவர்களில் சிஓபிடி: இரண்டு அறிக்கைகளும் ஏன் ஒத்துப்போகவில்லை?

சிஓபிடி என்பது மூச்சுக்குழாய்கள் குறுகி, மூச்சு வெளியேறுவது தடைபடும் நாள்பட்ட நுரையீரல் நோய். பெரியவர்களில் எத்தனை சதவீதத்தினருக்கு அது இருக்கிறது என்பதில் இரண்டு ஆய்வறிக்கைகள் வேறு வேறு எண் சொன்னாலும், இரண்டுமே சரியாக இருக்கலாம். ஒன்றில் சிஓபிடி சதவீதம் இரண்டு மடங்காக இருக்கிறது என்றால், அநேகமாக மற்றது "டாக்டர் உங்களுக்குச் சொன்னாரா?" என்று கேட்டு மட்டும் எண்ணியிருக்கும், இரண்டு மடங்கு காட்டும் அறிக்கை ஒரு கருவியில் ஊதவைத்து அளந்திருக்கும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும், முழு மூச்சில் 70 சதவீதத்துக்கும் குறைவாகவே முதல் நொடியில் வெளிவந்தால் சிஓபிடி என்று எண்ணிவிடுவார்கள். நோய் இருப்பதே தெரியாதவர்கள் ஏராளம். கேள்வித்தாளில் அவர்கள் சிக்கமாட்டார்கள்.

ஆய்வுமுறைப் பகுதியைத் திறந்து பாருங்கள்: கேள்வியா, ஸ்பைரோமெட்ரியா (அந்த ஊதல் பரிசோதனை)? அப்புறம் வயது, 18-லிருந்தா 40-லிருந்தா?

ஊதல் கணக்கையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். வயதாக ஆக, முதல் நொடியில் வெளிவரும் மூச்சின் விகிதம் தானாகவே இறங்கும். அதனால் முதியவர்களில் எண்ணிக்கை கொஞ்சம் ஊதிப்போகும்.