கரண்டு போனாலும் செட்டிங் போகக் கூடாது: கேள்வி பதில்

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் மோட்டார் கன்ட்ரோலர், டைமர் போர்டு செய்து மாட்டிக் கொடுக்கிறேன். வாடிக்கையாளர் பட்டனில் மாற்றும் செட்டிங்கைச் சிப்பில் எப்படிச் சேமிப்பது என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணே, சொட்டுநீர் டைமரை ஆர்டுயினோ யுனோ போர்டில் செய்திருக்கிறேன். எத்தனை நிமிடம் வைத்தாலும் கரண்டு போய் வந்தால் பழையபடி 10க்கே வந்துவிடுகிறது. (உசிலம்பட்டி)

தம்பி, பட்டனில் நீங்கள் மாற்றுவது ராம் என்ற தற்காலிக நினைவகத்தில் இருப்பதை. கரண்டு போனால் அது காலி. யுனோவில் உள்ள ஏடிமெகா328பி சிப்புக்குள்ளேயே 1024 பைட் ஈஈப்ராம், அதாவது கரண்டு போனாலும் அழியாத நினைவகம், இருக்கிறது. மாற்றியதும் அதில் எழுதுங்கள், போர்டு ஆன் ஆனதும் அதிலிருந்து படியுங்கள்.

ஆனால் படித்ததை அப்படியே நம்பாதீர்கள். இதில் நான் பட்டவன். மேலூர்ப் பக்கம் ஒரு மல்லிகைத் தோட்டத்தில் சிப் கெட்டுப்போய், புதுசு மாட்டிவிட்டு அவசரமாகக் கிளம்பிவிட்டேன். எதுவும் எழுதாத ஈஈப்ராமில் ஒவ்வொரு பைட்டும் 255 என்று இருக்கும். 20 நிமிடம் ஓட வேண்டிய வால்வு 4 மணி 15 நிமிடம் ஓடியது. தோட்டத்து அய்யா திட்டவில்லை. தண்ணீர் அறுத்துக்கொண்டு போன வரப்பைக் காட்டிவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்றிலிருந்து முதல் பைட்டில் ஓர் அடையாள எண், அடுத்ததில் பதிப்பு எண், பிறகு செட்டிங்குகள், கடைசியில் அத்தனைக்கும் சேர்த்து ஒரு சிஆர்சி, அதாவது எழுதியது சிதைந்திருந்தால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண். ஆன் ஆனதும் இவற்றில் எது ஒத்துவராவிட்டாலும் நிரலில் உள்ள ஆரம்ப மதிப்பை எடுத்துக்கொண்டு, டிஸ்ப்ளேயிலும் அதைச் சொல்லிவிடும். பின்னாளில் புது செட்டிங் சேர்ப்பதானால் வரிசையின் நடுவில் செருகாதீர்கள். பழையவற்றின் இடம் நகர்ந்துபோகும்.

சார், நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்குள் ஈஈப்ராமில் எழுதினால் சிப் கெட்டுவிடும் என்கிறார்களே? (திருமங்கலம், கல்லூரி மாணவி)

உண்மைதான்மா. ஒவ்வோர் இடத்திலும் 1 லட்சம் தடவை எழுதலாம் என்பது சிப்பின் கணக்கு. ஒரு தடவைக்கு 3.3 மில்லி செகண்ட் ஆகும். நிற்காமல் எழுதினால் ஐந்தரை நிமிடத்தில் லட்சம் முடிந்தது! ஈஈப்ராம் லைப்ரரியில் ‘ரைட்’ கட்டளை வேண்டாம், ‘அப்டேட்’ போடுங்கள். பழைய மதிப்பே இருந்தால் அது எழுதாது. ‘புட்’ உள்ளுக்குள் செய்வதும் அதையேதான்.

அது மட்டும் போதாது. 10லிருந்து 45க்குப் பட்டனைத் தட்டிக்கொண்டே போகும்போது மதிப்பு 35 தடவை மாறுகிறது. கடைசித் தட்டலுக்கு 5 செகண்ட் கழித்து ஒரே ஒரு தடவை எழுதினால் போதும். இப்படித் தினமும் 10 தடவை மாற்றினாலும் 27 வருஷம் வரும். அதற்குள் பெட்டியே துருப்பிடித்துவிடும்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்டு போனால் என்ன செய்வது அண்ணே? (வாடிப்பட்டி)

நம் ஊரில் கேட்க வேண்டிய கேள்வி. வோல்ட் இறங்கும்போது சிப் உளறி, ஈஈப்ராமில் கண்டதையும் எழுதிவிடலாம். முதலில் பிரவுன் அவுட் ஃபியூஸை ஆன் செய்யுங்கள். ஃபியூஸ் என்றால் இங்கே சிப்புக்குள் இருக்கும் ஓர் அமைப்பு, வோல்ட் குறைந்தால் இது சிப்பை நிறுத்தி வைக்கும். அப்புறம் செட்டிங்கை இரண்டு பிரதியாக, வரிசை எண்ணோடு வையுங்கள். எழுதும்போது எப்போதும் பழைய பிரதியின் மேல்தான் எழுத வேண்டும். பாதியில் நின்றால் சிஆர்சி காட்டிக்கொடுக்கும், மற்ற பிரதி பத்திரமாக இருக்கும்.

முட்டை பொரிக்கும் பெட்டி செய்கிறேன். 37.5 டிகிரியைத் தசம எண்ணாகவே வைக்கலாமா? (அலங்காநல்லூர்)

வைக்கலாம். நானாக இருந்தால் 375 என்று முழு எண்ணாக வைப்பேன், ஒப்பிடுவது சுலபம். அதைவிட முக்கியம் எல்லை. 360க்குக் கீழே, 385க்கு மேலே எது வந்தாலும் ஏற்காதீர்கள், பட்டனிலிருந்து வந்தாலும் சரி, ஈஈப்ராமிலிருந்து வந்தாலும் சரி. யாராவது தெரியாமல் 47 டிகிரி வைத்தால் குஞ்சு வராது, அவித்த முட்டைதான்.

இஎஸ்பி32 போர்டில் எழுதியது நிற்கவே இல்லை. (திருப்பரங்குன்றம்)

எழுதியதை நிரந்தரமாகப் பதியச் சொல்லும் ‘கமிட்’ கட்டளை விட்டுப்போயிருக்கும். அதில் தனி ஈஈப்ராம் கிடையாது, நிரல் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் ஒரு பகுதியைத்தான் அப்படிக் காட்டுகிறார்கள். ‘பிரிஃபரென்சஸ்’ லைப்ரரிக்கு மாறிவிடுங்கள். அதில் ஒவ்வொரு செட்டிங்குக்கும் வைக்கும் பெயர் 15 எழுத்துக்குள் இருக்க வேண்டும்.

பள்ளிக்கூட மணிக்கு ஒரு வாரத்து நேரமும் 1024 பைட்டில் அடங்குமா?

தாராளமாக. மணி, நிமிடம், எத்தனை செகண்ட் அடிக்க வேண்டும் என்று ஓர் அடிப்புக்கு 3 பைட். ஒரு நாளுக்கு 20 அடிப்பு என்றாலும் 7 நாளுக்கு 420தான்.

புரோகிராமர் கருவி வைத்து நிரல் ஏற்றினால் செட்டிங்கும் அழிந்துவிடுகிறதே? (சோழவந்தான்)

யுஎஸ்பி வழியாக ஏற்றினால் அழியாது. புரோகிராமர் முழுச் சிப்பையும் துடைக்கும்போது ஈஈப்ராமும் சேர்ந்து போகிறது. ‘ஈஈசேவ்’ என்ற ஃபியூஸை வைத்தால் தப்பும். நான் அதையும் வைக்கிறேன், வாடிக்கையாளரின் எண்களைப் பெட்டி மூடியின் உள்பக்கம் மார்க்கரில் எழுதியும் வைக்கிறேன்.