அளவு ஜாக்கெட்

அன்புள்ள அக்கா,

வணக்கம். செந்தூலில் இருந்து எழுதுகிறேன். எனக்கு 27 வயது. இரண்டு வருடமாக வீடியோ பார்த்து ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொண்டேன். முதன்முதலில் முழுதாக முடித்தது அப்பாவுக்கு. அவர் கோலாலம்பூர் – பட்டர்வொர்த் ராத்திரி எக்ஸ்பிரஸ் பஸ் ஓட்டுகிறார். வீட்டுக்கு வந்ததும் வலது தோளில் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவார், பேச்சு குறைவு. நான்கு மாத வேலை, 11 உருண்டை நூல், எல் சைஸ், தலைவழியாகப் போடுகிற மாடல். கொடுத்த அன்று போட்டுக் காட்டினார், கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது, ஒரு போட்டோ எடுத்தோம். அதோடு சரி. பிளாஸ்டிக் பையில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டார். ஏழு மாதம் ஆகிறது. கேட்டால் "நல்லா இருக்கும்மா, விசேஷத்துக்குப் போடுறேன்" என்கிறார். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எந்த விசேஷத்துக்குப் போவார்? இனி வீட்டில் யாருக்கும் பின்னுவதில்லை, விற்றுவிடலாம் என்று தோன்றுகிறது. தோழி 150 வெள்ளி (ரிங்கிட்) வைக்கச் சொல்கிறாள், சரியா? இன்னொருவர் இதெல்லாம் குளிர் நாட்டு வெள்ளைக்காரர் பழக்கம், நமக்கெதற்கு என்றார். நம் ஊருக்கு எந்த நூல் நல்லது என்றும் சொல்லுங்கள்.

— ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

நீ என்றே எழுதுகிறேன். கொஞ்சம் திட்டப்போகிறேன், நீங்கள் போட்டுத் திட்ட எனக்கு வராது.

உன் கடிதம் வந்த அன்று நானும் ஒரு ஸ்வெட்டரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பிரித்த நூலைப் பார்த்திருக்கிறாயா? அவித்த மீ நூடுல்ஸ் மாதிரி சுருண்டு சுருண்டு கிடக்கும், பழைய கண்ணிகளின் வளைவு அதில் அப்படியே இருக்கும். நாற்காலி முதுகில் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் குளியலறைக் கம்பியில் மாட்டியிருக்கிறேன். நிமிரட்டும் என்று அடியில் ஒரு மைலோ டின்னையும் கட்டித் தொங்கவிட்டாயிற்று. பினாங்கு ஆயர் ஈத்தாமில் மூன்று நாளாக விடாத மழை, இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது. அது யாருடைய ஸ்வெட்டர் என்று பிறகு சொல்கிறேன்.

வெள்ளைக்காரர் பழக்கம் என்று சொன்னவரை விடு. நாம் பின்னும் நிட்டிங் முறையில் இன்று நம் கைக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையவற்றில் எகிப்தின் காலுறைகள் இருக்கின்றன. 11 முதல் 14ஆம் நூற்றாண்டுக்குள் பின்னியவை, நீலமும் வெள்ளையுமாக, அதுவும் பருத்தி நூலில். எகிப்தில் என்ன பனியா கொட்டுகிறது? நாகர்கோவில் பக்கம் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தவர் இங்கிலாந்திலிருந்து வந்த மால்ட் பாதிரியாரின் மனைவி மார்த்தா, அது உண்மைதான். அதற்காக அங்கே இன்று லேஸ் பின்னும் பெண்ணிடம் போய் உன் கை உன்னுடையது இல்லை என்று சொல்வாரா அவர்? அப்புறம் "நம் ஊர் வெயில்" என்கிறவர்கள் ஒருமுறை ராத்திரி பஸ்ஸில் ஏறி ஈப்போ தாண்டும்வரை உட்கார்ந்து பார்க்கட்டும். ஏர்கான் காற்று நேராக உச்சந்தலையில் அடிக்கும், நான் துண்டை முக்காடு போட்டுக்கொண்டுதான் கோலாலம்பூர் வருவேன். உன் அப்பாவுக்கு வேலையே அந்தக் குளிருக்குள்தான்.

நூல் விஷயம் சுருக்கமாக. பருத்தி, அல்லது பருத்தி கலந்தது. தனி அக்ரிலிக் வியர்வையைக் குடிக்காது. பருத்திக்குக் கனம் அதிகம், போடப் போடத் தொங்கும், அதை நினைத்துக்கொண்டு நீளம் வை. ராத்திரி பஸ்ஸுக்கு என்றால் மெல்லிய மெரினோ கம்பளி நூல் இன்னும் நல்லது. முக்கியமாக, இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் அந்தப் பிளாஸ்டிக் பையைக் கழற்று. நம் ஈரக் காற்றில் ஏழு மாதம் பைக்குள் மூடிக் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

150 வெள்ளியா? உன் தோழிக்குக் கணக்கு தெரியாது. நான்கு மாதம் என்கிறாய், தினம் ஒரு மணி நேரம் வைத்தாலும் 120 மணி நேரம். 2025இல் வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி, மணிக்கு 8.17. உன் கைக்கூலி மட்டும் 980 வெள்ளி, நூல் தனி. யார் கொடுப்பார்கள்? யாரும் கொடுக்க மாட்டார்கள். விற்கிற பேச்சை இங்கேயே விட்டுவிடுவோம்.

இனி திட்டு.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்துவிட்டேன். நூல் எத்தனை உருண்டை, எத்தனை மாதம், என்ன மாடல், எல்லாம் இருக்கிறது. அப்பாவின் மார்பளவு எங்கே? எல் சைஸ் என்கிறாய். எல் சைஸ் யாருடைய உடம்பு? நீ உன் அப்பாவுக்குப் பின்னவே இல்லையம்மா, இணையத்தில் இருந்த எல் சைஸ் ஆள் ஒருவருக்குப் பின்னி, அதை அப்பாவிடம் கொடுத்திருக்கிறாய். மாதிரித் துண்டும் போட்டிருக்க மாட்டாய், போட்டிருந்தால் தொளதொளத்திருக்காது. வீடியோவில் 10 செண்டிமீட்டருக்கு 22 கண்ணி என்று சொல்லியிருப்பாள், உன் கை கொஞ்சம் தளர்வு, 20தான் வரும் என்று வைத்துக்கொள். இரண்டு கண்ணிதானே என்று தோன்றும். சுற்றளவுக்கு 220 கண்ணி ஏற்றினால் அவளுக்கு 100 செண்டிமீட்டர், உனக்கு 110. அந்தப் பத்து செண்டிமீட்டர்தான் உன் அப்பா மேல் தொங்கியது. மாதிரித் துண்டு போடுவதும் வெறுமனே ஒரு சடங்கு இல்லை. ஒரு சாண் அகலத்துக்குப் பின்னு, துவை, காயவை, அப்புறம் நடுவில் அள, ஓரத்தில் அளந்தால் பொய் சொல்லும். இதில் ஒரு நாள் போகிறது என்று சோம்பல்பட்டு நான்கு மாதத்தைத் தொலைத்திருக்கிறாய்.

ஆனாலும் அவர் போடாததற்குக் காரணம் அந்தப் பத்து செண்டிமீட்டர் இல்லை. காரணத்தை நீயே எழுதியிருக்கிறாய், வலது தோளில் தைலம் என்று. தலைவழியாகப் போடுகிற உடுப்புக்கு இரண்டு கையையும் மேலே தூக்க வேண்டும். தோள் வலிக்காரர் எப்படித் தூக்குவார்? அன்று உனக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தடவை போட்டிருக்கிறார், அதைத்தான் நீங்கள் போட்டோ எடுத்திருக்கிறீர்கள். அந்தப் போட்டோவை எடுத்து அவர் முகத்தைப் பார்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் இதைவிட மோசமாகச் செய்திருக்கிறேன்.

அம்மாவுக்கு டயாலிசிஸ். வாரம் மூன்று நாள், ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். ரத்தம் குழாய்வழி வெளியே போய் மெஷினைச் சுற்றித் திரும்பி வருவதால் உடம்பு சும்மாவே குளிரும், அதோடு அங்கே ஏர்கான் வேறு. போர்வையை இழுத்து மூடிக்கொள்ளவும் முடியாது, ஊசி குத்திய கை தாதியரின் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சரி, நாம் ஒரு ஸ்வெட்டர் பின்னிவிடுவோம், அம்மாவுக்குத் தெரியாமல், ஆச்சரியமாக இருக்கட்டும் என்று ஆரம்பித்தேன். தெரியாமல் எப்படி அளப்பது? தையல்காரருக்குக் கொடுக்கிற மாதிரி அலமாரியிலிருந்து அளவு ஜாக்கெட் ஒன்றை எடுத்துக்கொண்டேன். தம்பி கல்யாணத்துக்குத் தைத்த பட்டு ஜாக்கெட், மார்பு 40 அங்குலம். மூன்று மாதம் ராத்திரி ராத்திரியாகப் பின்னினேன். கைமுனையில் ஒரு நிட் ஒரு பர்ல் போட்டு, ரப்பர் மாதிரி பிடிக்கிற பட்டி வேறு, அழகுக்கு.

அம்மா 34க்கு இளைத்திருந்தார். தினமும் அதே வீட்டில், அதே சமையலறையில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். கல்யாண வீட்டு அம்மாதான் என் கண்ணில் இருந்திருக்கிறார். அதைவிட மோசம், அந்தக் கைப்பட்டி. இடது கையில் பிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்த இடம், குழாய் புடைத்துக்கொண்டு கயிறு மாதிரி ஓடும், அந்தக் கையில் இறுக்கமாக எதுவுமே படக்கூடாது. தாதி பட்டியைப் பார்த்த மாத்திரத்தில் இதைப் போட வேண்டாம் மக்சிக் (மலாயில் ஆன்ட்டி) என்று சொல்லிவிட்டாள். அம்மா அதை மடித்துக் காலில் போர்த்திக்கொண்டு, "எனக்குக் காலுக்குத்தான்டி குளிருது" என்றார். நான்கு மணி நேரமும் அப்படியே. அடுத்த தடவையும் காலில்தான். ஒரு நாளும் பெரிதாக இருக்கிறது என்று சொல்லவில்லை. உன் அப்பா சொல்கிற "விசேஷத்துக்கு" இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றுதான்.

அப்புறம்தான் டேப்பை எடுத்துக்கொண்டு போய் நிறுத்தி அளந்தேன். கூச்சப்பட்டார், எனக்கும் கூச்சம்தான், அம்மாவின் இடுப்பைச் சுற்றிக் கை போட்டு எத்தனை வருடமாகியிருந்தது. இரண்டாவது ஸ்வெட்டர் முன்பக்கம் திறப்பது, இடது கை முழுக்கத் தோளிலிருந்து மணிக்கட்டு வரை பிளவு, ஏழு பொத்தான். நடுவில் மூன்று பொத்தானைக் கழற்றினால் ஊசி போட இடம் கிடைத்துவிடும், மற்றது மூடியே இருக்கும். பக்கத்து நாற்காலி சீன அங்கிள் எனக்கும் ஒன்று வேண்டும் என்றார், அவருக்கு வலது கை. கூலியாக தாவ் சார் பியா பிஸ்கட் இரண்டு டப்பா கொடுத்தார். என் வாழ்நாள் விற்பனை அவ்வளவுதான்.

அம்மாவை அந்த இரண்டாவது ஸ்வெட்டரோடுதான் அனுப்பினோம். குளியலறையில் சொட்டிக்கொண்டிருப்பது முதலாவது. முப்பது வருடமாகப் பின்னுகிறேன், எனக்கென்று ஒன்று பின்னியதில்லை, இந்த நூல் எனக்கு. நேற்று கண்ணாடி முன் நின்று என்னை நானே அளந்தேன். எண்ணை இங்கே எழுத மாட்டேன்.

உன்னுடையதையும் பிரித்துவிடு. மனசு கேட்காது, அப்பா வேலைக்குப் போன பிறகு பிரி. ஆனால் அதற்கு முன், அவர் லீவில் இருக்கிற நாளாகப் பார்த்து, நிற்க வைத்து மார்பு, வயிறு, அப்புறம் இரண்டு கை நீளத்தையும் தனித்தனியாக அள. பிறகு நாற்காலியில் ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி உட்காரச் சொல்லி முதுகை அள, உட்கார்ந்தே வேலை செய்கிறவருக்குப் பின்பக்கம் இரண்டு அங்குலம் கூட வேண்டும், முன்பக்கம் குட்டையாக இருந்தால்தான் வயிற்றில் குவியாது. வலது கை எவ்வளவு தூரம் தூக்க முடிகிறது என்றும் பார்த்துக்கொள், அந்தப் பக்கம் கைக்குழியைத் தாராளமாக விட வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் எனக்கு அனுப்பு, மாதிரித் துண்டின் எண்ணிக்கையோடு சேர்த்து. கண்ணிக் கணக்கு நான் போட்டுத் தருகிறேன். 11 உருண்டையில் ஒன்றரையாவது மிஞ்சும் என்று நினைக்கிறேன்.

அக்கா