60 கிராம் குறைஞ்சா நுவரெலியா ஏத்தம் லேசாகுமா?

அண்ணா வணக்கம். நான் கொட்டகலை. 2022ல பெட்ரோல் கியூ காலத்துல டவுனுக்கு போய்வரன்னு சைக்கிள் ஓட்ட தொடங்குனது, இப்ப அதுவே பைத்தியமாகி செகண்ட்ஹேண்ட் ரோட் பைக் ஒண்ணு எடுத்து லீவு நாள்ல தலவாக்கலை, நானுஓயா வழியா நுவரெலியா வரைக்கும் மிதிக்கிறேன். பைக்ல இருக்க ஸ்டெம் (ஹேண்டில முன் சக்கர ஃபோர்க்கோட சேர்க்கிற துண்டு) 110 மி.மீ., தராசுல வச்சா 160 கிராம் காட்டுது. ஒன்லைன்ல 100 கிராம் ஸ்டெம் ஒண்ணு பார்த்தேன், படம் அனுப்பியிருக்கேன். பிராண்ட் பேர் எதுவும் இல்ல, "7075 அலுமினியம், சூப்பர் ஸ்டிஃப், டைட்டேனியம் போல்ட்"னு போட்டிருக்கு. கூட ஓட்டுற ஒருத்தர் லேசான ஸ்டெம் உடையும்னு பயம் காட்டுறார், இன்னொருத்தர் ஸ்டெம் வளையாம ஸ்டிஃபா இல்லாட்டி ஏத்தத்துல பவர் எல்லாம் வீணா போகும்ங்குறார். யார் பேச்ச கேக்க?
– ஒரு வாசகர், கொட்டகலை

தம்பி, வணக்கம்.

அந்த ஸ்டெம்ம வாங்காதீங்க. லேசா இருக்குன்னு இல்ல, யாரு செஞ்சான்னே தெரியலயே, அதுக்காக.

முதல்ல பாரக் கணக்க முடிச்சிருவோம், அது சின்ன கணக்கு தான். நீங்களும் பைக்கும் தண்ணி போத்தலும் சேர்ந்து 80 கிலோன்னு வைங்க. அதுல 60 கிராம்ங்குறது 0.075 வீதம். தலவாக்கலையில இருந்து மேல ஒரு மணித்தியாலம் விடாம ஏறுனாலும் மிச்சம் புடிக்கிறது மூணு செகண்ட் கூட வராது. லிந்துலையில நின்னு ரெண்டு மடக்கு தண்ணி குடிச்சா போத்தல்ல குறையிற பாரமும் அவ்வளவு தான். உலக ரேஸ்லயே 2000ல இருந்து 6.8 கிலோவுக்கு கீழ பைக் இருக்கக்கூடாதுன்னு சட்டம், அதனால அங்க உள்ளவங்களே ஒரு எல்லைக்கு மேல கிராம் எண்ணுறதில்ல, நம்ம என்னத்துக்கு தராச கட்டிப் புடிச்சிட்டு இருக்கணும்.

அடுத்தது ஸ்டிஃப். இங்க தான் விக்கிறவங்க நல்லா குழப்பி வச்சிருக்காங்க. 7075ங்குறது 6061ங்குற இன்னொரு அலுமினிய கலவைய விட பலமானது, அது உண்மை, உடைக்க அதிக சக்தி வேணும். ஆனா வளையிற விஷயத்துல எல்லா அலுமினியமும் கிட்டத்தட்ட ஒண்ணு தான், கலவை நம்பர் கூடுனதால ஸ்டிஃப் கூடாது. சொல்லப்போனா கலவை பலமா இருக்குங்குற தைரியத்துல சுவர மெல்லிசா செய்வாங்க, அப்ப அதே அளவு குழாய்னா முன்ன இருந்தத விட கூடவே வளையும். ஸ்டிஃப் வேணும்னா குழாய் தடிமனா இருக்கணும், அதாவது விட்டம். சுவர் கனம் அப்படியே இருக்க விட்டத்த 10 வீதம் கூட்டுனா பாரம் 10 வீதம் தான் ஏறும், ஸ்டிஃப் 33 வீதம் ஏறும். அதனால தான் நல்ல லேசான ஸ்டெம்மெல்லாம் பார்க்க கொழுத்துப் போய் இருக்கும். நீங்க அனுப்புன படத்துல இருக்கது ஒல்லியா, பக்கத்துல எல்லாம் அழகுக்கு குடைஞ்சு வேற வச்சிருக்கான், அதுக்கு கீழ "சூப்பர் ஸ்டிஃப்"னு எழுத என்ன துணிச்சல் வேணும்.

நீளமும் ஒரு பக்கம் இருக்கு. அதே குழாய்ல 100 மி.மீ. ஸ்டெம்ம விட 120 மி.மீ. ஸ்டெம் நுனியில கிட்டத்தட்ட 70 வீதம் கூட வளையும், முறுக்குனா 20 வீதம் கூட திரும்பும். அதுக்காக ஸ்டிஃப் வேணும்னு குட்ட ஸ்டெம் போட்டுறாதீங்க, நீளத்த உங்க முதுகும் கையும் தான் தீர்மானிக்கணும், வேற எதுவும் இல்ல. பவர் வீணாகும்னு சொன்ன நண்பருக்கு இத சொல்லுங்க: சீட்ட விட்டு எழும்பி நின்னு ஹேண்டில இழுத்து மிதிக்கிறப்ப முன்பக்கம் ஆடுற மாதிரி தெரியுமே, அதுல பெரிய பங்கு ஹேண்டில்பாருக்கு தான், அப்புறம் ஃபோர்க், சக்கரம், ஸ்டெம்முக்கு வர்றது மிச்சம் மீதி. கைக்கு தெரியும், நேரத்துல தெரியாது.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். நம்ம ஊர்ல ஸ்டெம்ம சோதிக்கிறது ஏத்தம் இல்ல, இறக்கம். நுவரெலியாவுல இருந்து றம்பொடை பக்கம் இறங்குறப்போ மிஸ்ட்டுக்குள்ள முடக்குல திரும்புறீங்க, எதிர்ல தனியார் பஸ் பாதி ரோட்ட எடுத்துட்டு வர்றான், ரெண்டு பிரேக்கையும் அமுக்குறீங்க, அந்த நிமிஷம் உங்க உடம்பு பாரம் பூரா ரெண்டு கை வழியா ஹேண்டிலுக்கும் அங்க இருந்து ஸ்டெம்முக்கும் போகுது. விபத்துக்கு பேர் போன ரதெல்ல குறுக்கு ரோட்டு இறக்கத்த பத்தி உங்களுக்கு நான் சொல்ல தேவையில்ல. செயின் அறுந்தா இறங்கி தள்ளலாம், டயர் போனா ஓரம் கட்டலாம். ஸ்டெம் போனா கையில ஹேண்டில் மட்டும் இருக்கும், பைக் அது பாட்டுக்கு போகும். 2006ல பிரான்ஸ்ல நடந்த பாரிஸ்-ரூபே ரேஸ்ல அமெரிக்க வீரர் ஜார்ஜ் ஹின்கபிக்கு ஸ்டெம்ம தாங்குற ஸ்டியரர் குழாய் (ஃபோர்க்ல இருந்து மேல வர்றது), அதுவும் அலுமினியம் தான், கல்லு ரோட்ல முறிஞ்சு ஹேண்டில் கையோட வந்திருச்சு, மனுஷன் அப்படியே விழுந்தார். அந்த ரேஸ்லயே முன்னாடி ஒரு தடவ விழுந்து எழும்பி தான் ஓட்டிட்டு இருந்தார். முன்ன விழுந்த அடி உள்ள இருக்கும், வெளிய தெரியாது, அத தான் இதுல பார்க்கணும். நீங்க எடுத்தது செகண்ட்ஹேண்ட் பைக்குங்குறதால தான் இத இழுத்து சொல்றேன், முதல் ஆள் எங்க எங்க விழுந்தான்னு யாருக்கு தெரியும்.

அலுமினியத்துக்கு ஒரு குணம் இருக்கு. இரும்பு ஒரு அளவுக்கு கீழ எத்தன தடவ ஆட்டுனாலும் தாங்கும், அலுமினியத்துக்கு அப்படி ஒரு பத்திரமான எல்லை இல்ல, சின்ன சின்ன ஆட்டமும் கணக்குல ஏறிட்டே இருக்கும். தோட்டத்து கல்லு ரோட்ல ஓட்டுறவனுக்கு அந்த கணக்கு இன்னும் சீக்கிரம் நிரம்பும். அதுக்கு தான் ஐ.எஸ்.ஓ. 4210னு ஒரு தரம் இருக்கு, அதுல ஹேண்டில்பாரையும் ஸ்டெம்மையும் சேர்த்து மாட்டி ஒரு பக்கம் தள்ள மறுபக்கம் இழுக்க 100,000 தடவ, அப்புறம் ரெண்டு பக்கமும் ஒண்ணா 100,000 தடவ ஆட்டுவாங்க, வெடிப்பு வரக்கூடாது. பேர் உள்ள கொம்பனி 120 கிராம்ல ஒரு ஸ்டெம் விக்கிறான்னா இதுல பாஸாகி தான் விக்கிறான், அத தாராளமா வாங்கலாம், லேசான ஸ்டெம் எல்லாம் உடையும்னு சொல்ற நண்பருக்கு இது பதில். பேர் இல்லாதவன் சோதிச்சானா இல்லையான்னு கேக்க நமக்கு வழியே இல்ல.

கிராம் குறைக்கிறவன் எங்க சுரண்டுவான்? முன்னால ஹேண்டில புடிக்கிற மூடி, போல்ட் ஓட்டைய சுத்தி உள்ள சதை, ஸ்டியரர புடிக்கிற பின்பக்கம். வெடிப்பு தொடங்குறதும் அங்க தான், அதுலயும் உள் மூலை கூரா வெட்டியிருந்தா இன்னும் மோசம். மூடிக்கு நாலு போல்ட் உள்ளதா எடுங்க. ரெண்டு போல்ட்டுல ஒண்ணு போனா கத முடிஞ்சுது. "கார்பன் ஸ்டெம்"னு மலிவா வர்றதுல நிறைய அலுமினியத்துக்கு மேல கார்பன் துணி ஒட்டுனது, பாரமும் குறையாது, உள்ள வெடிச்சாலும் கண்ணுக்கு தெரியாது. டைட்டேனியம் போல்ட்டால மூடியில நாலு, பின்பக்கம் ரெண்டு, ஆறு போல்ட்டுக்கும் சேர்த்து பத்து கிராம் கிட்ட குறையும், மழைக்கு துருப்புடிக்காது, ஆனா அது என்ன தரத்து டைட்டேனியம்னு தெரியாட்டி இரும்பு போல்ட்டே மேல். அலுமினிய போல்ட் யாராவது குடுத்தா வாங்கவே வாங்காதீங்க.

இவ்வளவும் பார்த்து வாங்கிட்டு கடையில மெக்கானிக் பாஸ் முழு பலத்தோட முறுக்கி வச்சா எல்லாம் வீண். பெரும்பாலான ஸ்டெம்ல 5 நியூட்டன் மீட்டர்னு எழுதியிருக்கும், அதாவது 10 சென்டிமீட்டர் தள்ளி அலன் கீய புடிச்சு அஞ்சு கிலோ பாரத்துக்கு அமுக்குறது, அவ்வளவு தான். நம்ம ஆளுக முறுக்குறது அதுல ரெண்டு மடங்கு மூணு மடங்கு. முறுக்குற பலத்த அளந்து காட்டுற டோர்க் ரென்ச் ஒண்ணு வாங்குங்க, இல்ல கூட ஓட்டுறவங்களோட சேர்ந்து பொதுவா ஒண்ணு வாங்குங்க, லேசான ஸ்டெம்முக்கு குடுக்க இருந்த காச இதுக்கு போடலாம். மூடி போல்ட் நாலையும் குறுக்கு குறுக்கா கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க, மேல கீழ இடைவெளி சமமா வரணும், கொம்பனி வேற மாதிரி சொல்லியிருந்தா அதுபடி. உச்சியில உள்ள ஒத்த போல்ட் ஸ்டெம்ம புடிக்கிறதுக்கு இல்ல, அது ஸ்டியரர் சுத்துற பெயரிங்க்கு மட்டும், முதல்ல அத சரிபண்ணிட்டு அப்புறம் ஸ்டியரர புடிக்கிற பின்பக்க போல்ட்ட இறுக்கணும்.

உங்க பழைய 160 கிராம் ஸ்டெம்ம இப்பவே கழட்டி துடைச்சு வெளிச்சத்துல பாருங்க, பெயிண்ட்ல மயிர் மாதிரி ஒரு கோடு தெரிஞ்சாலும் தூக்கி போட்டுருங்க, எழும்பி மிதிக்கிறப்ப கிறீச்னு சத்தம் வந்தா அதையும் அலட்சியம் பண்ணாதீங்க. கோடும் இல்ல, சத்தமும் இல்ல, நீளமும் சரின்னா மாத்த காரணமே இல்ல. மாத்தியே ஆகணும்னா ஹேண்டில்பார் நடுவுல என்ன அளவு எழுதியிருக்குன்னு பார்த்து எனக்கு எழுதுங்க. இப்ப வர்றது 31.8 மி.மீ., பழைய ரோட் பைக்ல 26.0 இருக்கும், வேற சிலதுல 25.4, கடைசி ரெண்டும் பார்வைக்கு ஒண்ணு போல இருந்தாலும் மாத்தி போட்டா ஒழுங்கா புடிக்காது. அது தெரியிற வரைக்கும் காசு கட்டிறாதீங்க.