மலிவாக வரும் ஜெட்: எஞ்சினில் மிச்சம் எவ்வளவு?

கேள்வி: ஹூஸ்டனில் மருத்துவக் கருவிகள் வியாபாரம் செய்கிறோம். கூட்டாளிகள் மூவரும் சேர்ந்து 2008-இல் தயாரான செஸ்னா சிட்டேஷன் மஸ்டாங் என்ற சிறிய ஜெட் விமானம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். 2,900 மணி நேரம் பறந்தது. புது பெயின்ட், புதுத் தோல் இருக்கைகள். விலையும் சந்தையைவிட நன்றாகவே குறைவு. எஞ்சின் பராமரிப்புத் திட்டம் எதிலும் இல்லை. இதுவரை பராமரித்த பணிமனையிலேயே குறைந்த செலவில் சோதித்துத் தருவதாகப் புரோக்கர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: விற்கப் போகிற வீட்டுக்கு வெள்ளையடிப்பது ஊர் வழக்கம், பெயின்ட்டை விடுங்கள். விலை குறைந்த காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள்: 2,900 மணி, திட்டம் இல்லை.

மஸ்டாங்கின் பிராட் அண்ட் விட்னி கனடா எஞ்சின்கள் இரண்டுக்கும் 3,500 மணியில் முழு ஓவர்ஹால், அதாவது பிரித்துச் சீரமைப்பு. பாதிவழியில், 1,750 மணியில், எரியும் பகுதிக்கான ஹாட் செக்‌ஷன் சோதனை. அது எப்போது, எங்கே நடந்தது என்று லாக் புக்கில், அதாவது பராமரிப்புப் பதிவேட்டில், தேடுங்கள். விமானத்தோடு வந்த எஞ்சின்களே இன்றும் இருந்தால் மிச்சம் 600 மணிதான். ஆண்டுக்கு 150 மணி பறந்தால் நான்கே வருடத்தில் ஓவர்ஹால். எஞ்சின் ஒன்றுக்கே பல லட்சம் டாலர் ஆகும். திட்டத்தில் இருக்கும் விமானத்துக்குப் பழைய உரிமையாளர் எஞ்சின் செலவுக்காக, பறந்த மணிக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே கட்டி வந்திருப்பார். இதற்கு யாரும் கட்டவில்லை. இப்போது திட்டத்தில் சேர்ந்தால், பறந்து முடித்த மணிகளுக்கும் உங்களிடமே கேட்பார்கள். அந்தத் தொகையை எழுத்தில் வாங்கி விலையோடு கூட்டுங்கள். பிறகு, திட்டத்தில் உள்ள இன்னொரு மஸ்டாங்கின் விலையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மலிவு அப்போதும் மிஞ்சினால் பேச்சைத் தொடரலாம்.

பராமரித்த பணிமனையிலேயே சோதனை வேண்டாம். தாங்கள் விட்ட குறையைத் தாங்களே எழுதித் தர யாருக்கும் மனம் வராது. சிட்டேஷன்களில் பழகிய வேறொரு பணிமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். போரஸ்கோப் விடும்போது உங்களில் ஒருவர் அருகில் இருப்பது நல்லது: மெல்லிய கேமரா உள்ளே போனதும் டர்பைன் இதழ்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வரும். நுனி கருகியிருக்கிறதா, ஓரத்தில் பல் விழுந்திருக்கிறதா என்பது புதியவர் கண்ணுக்கும் தெரியும். விமானம் கடற்கரை ஊரில் கிடந்தது என்றால் தரைப் பலகைகளைக் கழற்றி உலோகத்தில் அரிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லாக் புக் முதல் நாளிலிருந்து அறுபடாமல் இருக்கிறதா, பெரிய பழுதுபார்ப்புக்கான 337 படிவங்கள் ஏதும் உண்டா என்பதையும் விடாதீர்கள். ஒக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை) பதிவேட்டில், விமானத்தின் மேல் கடன் பாத்தியம் ஏதும் உண்டா என்று தேடுவது வக்கீல் வேலை. சில நாளில் முடிந்துவிடும்.

இன்னொன்று: டாங்க்கை நிரப்பினால் இந்த விமானம் விமானியையும் சேர்த்து ஏறக்குறைய மூன்று பேரைத்தான் தூக்கும். உங்கள் கூட்டாளிகளின் எடை எனக்குத் தெரியாது.

முன்பணம் கட்டுவதற்கு முன், சோதனை முடிந்து நீங்கள் எழுத்தில் சம்மதிக்கும்வரை அது முழுதும் திரும்பக் கிடைக்கும் என்றும், பறக்கும் தகுதியைப் பாதிக்கும் பழுதுகள் விற்பவர் செலவு என்றும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்குப் புரோக்கர் முகம் சுளித்தால், மஸ்டாங்குகள் 400-க்கு மேல் தயாரானவை, வேறொன்றைப் பாருங்கள்.