நீச்சல் குளத்து வினைல் லைனருக்கு (உள்ளே விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பு) அடியில் தண்ணீர் சேர்ந்து உப்பிவிட்டது. குளத்தைக் காலி செய்துவிட்டுப் பார்க்கலாமா?

காலி மட்டும் செய்துவிடாதீர்கள். நாங்கள் செய்து கெட்டோம்.

திருவையாறு பக்கம் குடமுருட்டிக் கரையில் அத்தானுக்கு ஒரு தோப்பு. விருந்தினர் தங்க இரண்டு அறை கட்டினார். டைல்ஸ் குளத்துக்குச் செலவு தாங்காது என்று வினைல் லைனர் குளம் ஒன்றும் போட்டார். கோடையில் ஒரு குறையும் இல்லை. ஐப்பசி அடைமழையில் ஒருநாள் காலையில் இறங்கினால், தரை பூரி மாதிரி உப்பியிருக்கிறது. காலால் அமுக்கினால் அந்த இடம் தாழும், நாலடி தள்ளி இன்னொரு இடம் எழும்பும். குளம் போட்டுத் தந்தவரிடம் கேட்டோம். "லைனர் ஓட்டை, இறைத்துவிட்டு ஒட்டிவிடலாம்" என்றார். இறைத்தோம். பாதி வற்றுவதற்குள் லைனர் மொத்தமும் மேலே வந்து, மூலையில் கிழிந்தது. அடியில் போட்டிருந்த மணல் கரைந்து குழிகுழியாகிவிட்டது.

அது ஓட்டை இல்லை, ஊற்று. மேட்டூர் திறந்து (வழக்கமாக ஜூன் 12) கல்லணை தாண்டித் தண்ணீர் வந்து ஆறும் வாய்க்காலும் ஓட ஆரம்பித்தாலே படுகையில் நிலத்தடி நீர் ஏறும். அதன்மேல் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்தால் இரண்டு முழம் தோண்டினாலே ஊறும்.

முக்கால் மில்லிமீட்டர் லைனர் சதுர மீட்டருக்கு ஒரு கிலோகூடத் தேறாது. ஒரே ஒரு மில்லிமீட்டர் உயரத் தண்ணீருக்கே அந்த எடை உண்டு. ஆக, லைனர் தன் எடையால் உட்கார்ந்திருப்பதில்லை. உள்ளே இருக்கும் தண்ணீர் அமுக்குவதால்தான் கிடக்கிறது. வெளியே மண்ணில் நிற்கும் மட்டம் குளத்து மட்டத்தைத் தாண்டினால் கிளம்பிவிடும். உள்ளே இறைக்க இறைக்க நாமே வழிவிடுகிறோம். அதனால் இப்போதைக்குக் குளத்தை விளிம்புவரை நிரப்பி வையுங்கள். கூரைத் தண்ணீர் குளத்தோரம் விழாமல் திருப்பிவிடுங்கள்.

நிரந்தர வழி எங்களுக்குக் கொத்தனார் சொன்னது. குளத்திலிருந்து ஐந்தடி தள்ளி, ஆழமான தரையைவிட இரண்டடி கீழே போகும்படி சிமெண்ட் உறை இறக்கினோம். கழிவறைத் தொட்டிக்கு இறக்குகிற அதே மூன்றடி உறைதான். கீழ் உறைகளில் துளை போட்டு, சுற்றிலும் முக்கால் ஜல்லி கொட்டி, உள்ளே ஃப்ளோட் ஸ்விட்ச் (தண்ணீர் ஏறினால் மோட்டாரைத் தானாக ஓடவிடும் மிதவை) வைத்த சின்ன சப்மெர்சிபிள் மோட்டார். உறைக்குள் மட்டம் இறங்க இறங்க லைனருக்கு அடியில் இருப்பதும் வடிந்து, இரண்டு நாளில் லைனர் தானாக உட்கார்ந்தது. அவசரப்பட வேண்டாம். உட்காரும்போதே சுருக்கங்களை உள்ளங்காலால் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே வர வேண்டும்.

இறைத்த தண்ணீரை முதலில் பக்கத்துத் தென்னம்பாத்தியில் விட்டோம். அது சுற்றிக்கொண்டு மறுபடி உறைக்கே வந்தது! அப்புறம் குழாய் போட்டு வடிகாலில் சேர்த்தோம். உறை இறக்குவதைச் சித்திரை, வைகாசியில் வைத்துக்கொள்ளுங்கள். மழையில் தோண்டினால் மணல் சரியும்.

சரி, ஓட்டையும் இருக்குமோ என்ற சந்தேகம் வரும். வெளி மட்டத்தை இறக்கிய பிறகு, மழையில்லாத நாளில் பாருங்கள். அதற்கு முன் பார்த்தால் ஓட்டை இருந்தாலும் தெரியாது. குளத்துப் படியில் ஒரு வாளி வைத்து, அதே தண்ணீரை ஊற்றி, வாளிக்குள்ளும் குளத்திலும் கோடு போடுங்கள். குளத்து மோட்டாரை நிறுத்தி ஒருநாள் விடுங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் வெயில் குடித்தது. குளம் கூடுதலாக இறங்கினால் ஓட்டை. விளக்குப் பொருத்திய இடத்தையும் தண்ணீர் வரும் வாயையும் முதலில் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று, புயல் மழையில்தான் மின்சாரம் போகும், அப்போதுதான் மோட்டாரும் வேண்டும். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது டெல்டாவில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. அதை நினைத்து, வயலுக்கு வைத்திருந்த பழைய டீசல் என்ஜினை அத்தான் விற்கவில்லை. அதன் உறிஞ்சு குழாய் உறையின் அடிவரை எட்டுகிறதா என்று புரட்டாசியிலேயே ஒருமுறை விட்டுப் பார்த்துவிடுவார்.