ஈராக்கிலிருந்து படைகளை விலக்குவதை ஜான் மெக்கெய்ன் ஏன் எதிர்த்தார்?

வியட்நாமில் ஐந்தரை ஆண்டுகள் போர்க்கைதியாக இருந்து, தம் தலையைத் தாமே வாரிக்கொள்ள முடியாத அளவுக்குத் தோள்கள் முடங்கித் திரும்பிய அமெரிக்க செனட்டர் மெக்கெய்ன், போரின் வலியை அறியாமல் பேசியவர் அல்லர். வெளியேறும் நாளை முன்கூட்டியே அறிவித்தால் எதிரி அதுவரை பதுங்கிக் காத்திருப்பான், களநிலைதான் அந்நாளைத் தீர்மானிக்க வேண்டும் என்பது அவர் வாதம். 2007-இல் கூடுதல் படைகள் சென்றபின் வன்முறை தணிந்ததை அவர் சான்றாகக் காட்டினார். சுன்னி இனக்குழுக்கள் அல் காயிதாவுக்கு எதிராகத் திரும்பியதற்கும் அதில் பெரும் பங்குண்டு என்பேன். 2011 டிசம்பரில் அமெரிக்கப் படைகளின் கடைசி வாகன அணி ஈராக்கை விட்டுக் குவைத் எல்லையைக் கடந்தது. 2014 ஜூனில் ஈராக்கின் மோசூல் நகரம் ஐஎஸ் என்ற பயங்கரவாத அமைப்பின் வசம் வீழ்ந்தபோது, படைகளை விலக்கியதற்காக மெக்கெய்ன் அதிபர் ஒபாமாவைச் சாடினார். ஆனால் 2011 இறுதி என்ற அந்தக் காலக்கெடு, ஒபாமாவுக்கு முந்தைய புஷ் அரசு 2008-இல் ஈராக் அரசுடன் செய்த ஒப்பந்தத்திலேயே இருந்தது; அதன்பிறகும் தங்க வேண்டுமானால் அமெரிக்க வீரர்களுக்குத் தேவைப்பட்ட சட்ட விலக்களிப்பை, அதாவது ஈராக்கிய நீதிமன்றங்களில் வழக்குக்கு உள்ளாகாத பாதுகாப்பைத் தர ஈராக்கிய அரசியல்வாதிகள் இசையவில்லை.