கேட்காததும் மறந்ததும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். என் அப்பாவுக்கு வயது 73. தபால்காரராக 34 ஆண்டுகள் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். எங்கள் ஊரில் எந்தக் கதவு எண்ணில் யார் இருக்கிறார்கள் என்பதை ஒரு காலத்தில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இப்போது எதிர்வீட்டுக்காரரின் பெயர்கூட அவருக்குச் சட்டென்று வருவதில்லை. ஒன்று கேட்டால் வேறொன்றைச் சொல்கிறார். கல்யாண வீடுகளுக்கு வர மறுக்கிறார். இது மறதி நோயின் தொடக்கம் என்று அண்ணன் முடிவுகட்டிவிட்டார். வங்கிக் கணக்கைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வது பற்றியும் பேச ஆரம்பித்துவிட்டார். வயதானால் எல்லோருக்கும் இப்படித்தான் என்கிறார் அம்மா. யார் சொல்வது சரி?

வி., தென்காசி

அன்புள்ள வி.,

இருவருமே அவசரப்படுகிறார்கள் என்று நினைக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். ஆனால் இதே அவசரத்தை என் தாயார் விஷயத்தில் நானும் காட்டியவன் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் பெயர். மூளையின் திறன்கள் எல்லாம் சேர்ந்தாற்போல் இறங்குவதில்லை. புதிய ஒன்றைப் பற்றிக்கொள்ளும் வேகம் நடுவயதுக்கு முன்பே மெல்லக் குறையத் தொடங்குகிறது. சொல்வளமும் வாழ்ந்து சேர்த்த அறிவும் அறுபதைத் தாண்டியும் நிலைத்திருக்கின்றன. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வார்னர் ஷாயி என்ற உளவியலாளர் 1956இல் தொடங்கிய ஆய்வு, அதே மனிதர்களை 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் சோதித்துப் பார்த்தது. இளையவர்களையும் முதியவர்களையும் ஒரே சமயத்தில் சோதித்து ஒப்பிடும்போது தெரிகிற இடைவெளியில் கணிசமான பங்கு முதுமையால் வந்ததன்று, தலைமுறைகளுக்கு இடையிலான கல்வி முதலிய வேறுபாடுகளால் வந்தது என்பது அதில் புலப்பட்டது. எதிர்வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வாத்தியார், சர்க்கரை நோயாளி, மகளைத் துபாயில் கட்டிக்கொடுத்தவர் என்பதெல்லாம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நினைவில் கிடக்கும். பெயர் மட்டும் எதனோடும் ஒட்டாமல் நிற்பதால் அதுவே முதலில் நழுவுகிறது. தொண்டை வரை வந்து நின்ற பெயர் அரைமணி நேரம் கழித்துச் சாப்பிடும்போது தானாக வந்துவிழுகிறது என்றால் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. 34 ஆண்டுகள் சைக்கிள் மிதித்த தெருவிலேயே வழி தெரியாமல் நிற்கிறார் என்று நீங்கள் எழுதியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, ஒன்று கேட்டால் வேறொன்றைச் சொல்கிறார் என்பதுதான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில், அடுப்படியிலிருந்து அம்மாவிடம் "பால் எப்படி இருக்கு, திரிஞ்சிருச்சா?" என்று கேட்டேன். அவர் புடவையைக் கணுக்காலுக்கு மேல் சற்று உயர்த்திக் காட்டி, "வீக்கம் வடிஞ்சிருச்சுப்பா" என்றார். நாங்கள் சிரித்தோம், பிறகு பயந்தோம். அவருக்கு மறதியும் இல்லை, குழப்பமும் இல்லை. 'பால்' அவர் காதில் 'கால்' என்று விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

உட்செவியில் ஒலியை வாங்கும் நுண்மயிர் உயிரணுக்கள் காதுக்குச் சுமார் 15,000 இருக்கின்றன. அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. உச்ச சுருதியில் வரும் ஒலிகளை வாங்குபவைதான் முதலில் தேய்கின்றன. பேச்சில் உயிரெழுத்துகள் தாழ்ந்த சுருதியில் வரும் வலுவான ஒலிகள். க், ச், ட், த், ப் போன்றவற்றைப் பிரித்துக்காட்டும் மெல்லிய வெடிப்பும் உரசலும் பெரும்பாலும் உயர்ந்த சுருதியில் வருபவை. ஆகவே 'ஆ'வும் 'ல்'லும் காதுக்கு வந்துசேர்கின்றன, முன்னால் நின்றது 'ப'வா 'க'வா என்பது மட்டும் வருவதில்லை. "சத்தம் கேக்குது, என்ன சொல்றீங்கன்னுதான் புரியலை" என்று பெரியவர்கள் சொல்வது துல்லியமான வர்ணனை. கத்திப் பேசினால் உயிரொலிதான் பெருக்கிறது. காது வலிக்கிறது, சொல் தெளிவதில்லை. நாதஸ்வரமும் ஒலிபெருக்கியும் முழங்கும் கல்யாண மண்டபத்துக்கு அத்தகைய ஒருவர் ஏன் வர வேண்டும்?

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள். சில நேரம் வெறும் குறும்பி அடைத்திருக்கும். செவித்திறன் சோதனையில் குறை தெரிந்தால் கருவி பொருத்துவார்கள்; பழக இரண்டு மாதமாவது ஆகும். முதல் வாரம் எவர்சில்வர் பாத்திரம் உரசும் ஓசையில் என் அம்மா கருவியைக் கழற்றி அஞ்சறைப் பெட்டியில் போட்டுவிட்டார். இந்த விஷயத்தில் அலட்சியம் கூடாது: மறதி நோய்க்கு வழிகோலுபவை என்று 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் பட்டியலிட்ட, மாற்றியமைக்கக்கூடிய 14 காரணிகளில் செவிக்குறைவும் ஒன்று. கருவி மாட்டினால் அந்த நோய் வரவே வராது என்று இதற்குப் பொருள் இல்லை.

பொது மருத்துவரிடம் வைட்டமின் பி12, தைராய்டு அளவுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். தூக்கத்துக்கும் அலர்ஜிக்கும் அப்பா போடும் மாத்திரைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், அவற்றில் சில முதியவர்களின் சிந்தனையை மந்தமாக்கும். மனச்சோர்வும் மறதிபோல் தோன்றும். இரண்டு மூன்று நாளுக்குள் திடீரென்று குழம்பினால் அது முதுமையன்று. நோய்த்தொற்றாகவோ உடலில் சோடியம் குறைந்ததாகவோ இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இவ்வளவும் பார்த்த பிறகும் சந்தேகம் நீடித்தால் நரம்பியல் மருத்துவர் இருக்கிறார். 'வயசாச்சு' என்று உங்கள் அம்மாவைப்போல் விட்டுவிட வேண்டாம்.

அண்ணனிடம் ஒன்று சொல்லலாம். இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 7.4 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருப்பதாகத் தேசிய அளவிலான ஆய்வொன்று மதிப்பிட்டது. வயது ஏற ஏற இது கூடும் என்றாலும், நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் அந்நோய் இல்லை. வங்கிக் கணக்கு பற்றிப் பேச வேண்டியிருந்தால், தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, அப்பாவின் முகத்துக்கு நேரே வெளிச்சத்தில் உட்கார்ந்து, நிதானமாக அவரிடமே கேட்கட்டும்.